நார்த்தங்காய் மருந்தா, ஊறுகாயா? கடலூர்ப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஆண்டுதோறும் நார்த்தங்காய் காயும். வயிறு சரியில்லை, வாய்க்குப் பிடிக்கவில்லை என்று வருகிறவர்களுக்கு ஜாடியிலிருந்து நாலு துண்டு எடுத்துக் கொடுப்பது வழக்கம். வாங்கிக்கொண்டு போகும்போது வாசலில் நின்று ஒரு கேள்வியும் கேட்பார்கள். பெரும்பாலும் அதே கேள்விகள்தான், அதனால் பதிலோடு எழுதி வைத்துவிட்டேன். நான் வைத்தியர் இல்லை. வீட்டு வழக்கம் எது, மருத்துவத்தில் உறுதியானது எது என்று பிரித்துச் சொல்லியிருக்கிறேன்.

நார்த்தங்காயும் கிடாரங்காயும் ஒன்றா?

நெருங்கிய உறவு. எலுமிச்சை, சாத்துக்குடி, பம்பளிமாஸ், கமலா ஆரஞ்சு எல்லாமே சிட்ரஸ் இனம்தான். இந்த இனத்து மரங்கள் ஒன்றோடொன்று எளிதாகக் கலந்துவிடும். அதனால் ஒரு கடையில் நார்த்தங்காய் என்று விற்பதை அடுத்த கடையில் கிடாரங்காய் என்பார்கள். பான்பரி மார்க்கெட்டில் ஒரு பெயர், புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் வேறு பெயர் என்றாலும் ஆச்சரியப்பட வேண்டாம். பெயரைவிடக் காயைப் பாருங்கள். தோல் தடிப்பாக, கரடுமுரடாக இருக்க வேண்டும். நகத்தால் கீறினால் எண்ணெய் வாசம் குப்பென்று வர வேண்டும். முழுப் பச்சையும் வேண்டாம், பழுத்ததும் வேண்டாம். லேசாக மஞ்சள் தட்டியது உப்பில் போடத் தோது.

வீட்டில் எதற்கெல்லாம் கொடுப்பார்கள்?

முதலில் காய்ச்சல் விட்ட வாய்க்கு. நாலு நாள் காய்ச்சலில் கிடந்து எழுந்தவருக்கு எதை வைத்தாலும் கசக்கும், சோற்றைப் பார்த்தாலே குமட்டும். அப்போது நொய்க்கஞ்சி, தொட்டுக்கொள்ள உப்பு நார்த்தங்காய். நாக்கில் வைத்ததும் வாயில் தண்ணீர் ஊறும், அப்புறம் ரெண்டு வாய் கஞ்சி உள்ளே போகும். நோயாளி சாப்பிட ஆரம்பித்துவிட்டார் என்பதே வீட்டில் பாதி நிம்மதி.

அடுத்தது அஜீரணம். கல்யாண விருந்து, கறி விருந்து முடிந்து வயிறு திம்மென்று இருக்கும்போது ஒரு துண்டை வாயில் அடக்கிக்கொள்வார்கள். பித்தம், தலைச்சுற்றல், குமட்டல் என்றாலும் இதுதான். பஸ் பயணத்துக்குக் கேட்டு வாங்கிப் போகிறவர்கள் நிறைய. கொல்லிமலைக்குப் போகும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஊரிலிருந்து வேன் பிடித்துப் போகிறவர்கள் பிளாஸ்டிக் கவரோடு நார்த்தங்காய்ப் பொட்டலமும் எடுத்துக்கொள்வார்கள். சிலருக்குக் கவர் தேவைப்படுவதில்லை. சிலருக்கு இரண்டுமே வேண்டும்.

மசக்கைக்கும் கொடுப்பார்கள், அதைத் தனியாகச் சொல்கிறேன்.

பழுத்த நார்த்தம்பழத்தின் சாற்றில் தண்ணீரும் சர்க்கரையும் சேர்த்துக் குடிப்பதும் உண்டு. சூட்டைத் தணிக்கும், பித்தத்தை இறக்கும் என்பது பெரியவர்கள் பேச்சு. வெயில் காலத்துக்கு நல்ல பானம், அவ்வளவு நிச்சயமாகச் சொல்லலாம்.

உண்மையிலேயே வேலை செய்கிறதா, இல்லை மனசுதானா?

புளிப்பும் உப்பும் கசப்பும் ஒன்றாக நாக்கில் பட்டால் எச்சில் சுரக்கும். இது மனசு இல்லை, உடம்பின் வேலை. எச்சில் ஊறினால் வாய்க் கசப்பு குறையும், விழுங்குவது எளிதாகும், பசி கிளம்பும். தோலில் இருக்கும் லிமோனீன் முதலான எண்ணெய்கள்தான் அந்த வாசத்துக்குக் காரணம். குமட்டல் வரும் நேரத்தில் எலுமிச்சை வாசம் பலருக்கு இதமாக இருக்கிறது. இந்த அளவுக்கு நார்த்தங்காயை நம்பலாம். வாயையும் மேல் வயிற்றையும் தாண்டி அது என்னென்னவோ செய்யும் என்று சொல்லும்போதுதான் எனக்குச் சந்தேகம் வரும். சர்க்கரை நோயைத் துரத்தும், புற்றுநோயைக் கரைக்கும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, அதை நம்பி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். ஜாடியில் இருப்பது ஊறுகாய்.

அக்கா, மகளுக்கு இது மூன்றாவது மாதம். எதைச் சாப்பிட்டாலும் வாந்தி. நார்த்தங்காய் கொடுக்கலாமா?

கொடுக்கலாம்மா, சின்னத் துண்டு. சுண்டுவிரல் நகம் அளவு கிள்ளி, காலையில் படுக்கையை விட்டு எழுந்திருக்கும் முன்பே வாயில் அடக்கிக்கொள்ளச் சொல்லுங்கள். உப்பு அதிகமாகத் தெரிந்தால் தண்ணீரில் ஒரு முறை அலசிக் கொடுங்கள். வயிறு காலியாக இருந்தால் குமட்டல் கூடும். மூன்று வேளைக்குப் பதில் ஆறு வேளையாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட வையுங்கள்.

இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். குடித்த தண்ணீர்கூடத் தங்கவில்லை, சிறுநீர் குறைந்து மஞ்சளாகப் போகிறது, எழுந்தால் கண் இருட்டுகிறது என்றால் அது சாதாரண மசக்கை இல்லை. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள், டிரிப்ஸ் ஏற்ற வேண்டியிருக்கும். இன்னொன்று, ரத்த அழுத்தம் கூடியிருக்கிறது, முகமும் கையும் வீங்குகிறது என்று டாக்டர் சொல்லியிருந்தால் ஜாடியைக் கண்ணில் காட்டாதீர்கள். பெண் பிள்ளைகள் மசக்கையில் இதை எண்ணி எண்ணித் தின்ன மாட்டார்கள், நீங்கள்தான் எண்ண வேண்டும்.

அப்புறம், இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருப்பார்கள். அதை டீயோடு போட்டால் உடம்பில் சேர்வது குறையும். தண்ணீரில் அரை மூடி எலுமிச்சம்பழம் பிழிந்து அதோடு போட்டால் நன்றாகச் சேரும். புதிதாகப் பிழிந்த சாறாக இருக்கட்டும். கீரை, பயறு சாப்பிடும்போதும் இதே கணக்குதான்.

உப்பு நார்த்தங்காய் எப்படிப் போடுவது?

காயைக் கழுவி, துணியால் ஈரம் போகத் துடைத்து, ஒரு இரவு காற்றாட வையுங்கள். சொட்டு ஈரம் இருந்தாலும் பின்னால் அழ வேண்டிவரும். கத்தியைக் காயின் தலையில் வைத்துச் சுற்றிக்கொண்டே கீழ்வரை வெட்டினால் அறுந்து போகாமல் சுருளாக வரும். சுருளாக வெட்டுவது அழகுக்கு மட்டும் இல்லை; மடிப்புக்குள் உப்பு நிற்கும், காயப் போடும்போது விரித்துப் போடலாம். வெட்டும்போது தோலிலிருந்து எண்ணெய் தூறலாகத் தெறிக்கும். நகக்கண்ணில் சின்னக் கீறல் இருந்தாலும் எரிச்சல் உயிரை எடுக்கும், கண் பக்கம் கையைக் கொண்டுபோகாதீர்கள்.

ஒரு கிலோ காய்க்கு 200 முதல் 250 கிராம் கல்லுப்பு. எங்கள் பக்கம் மரக்காணம் உப்பளத்து உப்பு எளிதாகக் கிடைக்கும். கொஞ்சம் மஞ்சள்தூள் சேர்த்து, சுருளின் மடிப்புகளில் அடைத்து ஜாடியில் அடுக்குங்கள். வாயில் வெள்ளைத் துணியால் வேடு கட்டி, தினமும் ஒருதரம் குலுக்கி விடுங்கள். இரண்டாம் நாளே சாறு விட்டு நிற்கும். ஒரு வாரத்தில் தோலின் பச்சை மங்கி, விரலால் அழுத்தினால் மடங்கும். அப்போது எடுத்துத் தாம்பாளத்தில் பரப்பி வெயிலில் வையுங்கள், சாயங்காலம் திரும்ப அதே சாற்றில் போடுங்கள். மறுநாள் மறுபடி வெயில். சாறு முழுவதையும் காய் குடித்து முடிக்கும் வரை இதே வேலை. கடைசியில் சாறில்லாமல் நன்றாக உலர்த்தினால் மேலே உப்புப் பூத்து நிற்கும். பங்குனி, சித்திரை வெயில் இதற்கென்றே அடிப்பதாக எங்கள் தெருவில் நினைப்பு.

பீங்கான் ஜாடி அல்லது கண்ணாடி பாட்டில் மட்டும்தான். அலுமினியம், பித்தளை, செம்பு எதுவும் கூடாது. புளிப்பும் உப்பும் சேர்ந்து உலோகத்தை அரித்துவிடும். அந்தக் களிம்பு வயிற்றுக்குள் போகும்.

எவ்வளவு உப்பு போட்டாலும் பூசணம் பிடிக்கிறதே?

கடற்கரை ஊரில் இருக்கிறோம், காற்றிலேயே ஈரம். உப்பு அந்த ஈரத்தை இழுக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மூடியைத் திறந்து திறந்து பார்த்தாலே போதும், ஜாடி கசிய ஆரம்பித்துவிடும். மழைக்கு முன்பே ஒரு மாத அளவைச் சின்ன பாட்டிலில் மாற்றிக்கொண்டு, பெரிய ஜாடியை இறுக்கி மூடி வைத்துவிடுங்கள். ஈரக் கை, ஈரக் கரண்டி ஆகாது. மழை விட்டு வெயில் வந்ததும் மொத்தத்தையும் ஒருதரம் மாடியில் காட்டுங்கள்.

பூத்து நிற்கும் உப்பு பொடிப்பொடியாக, கரகரப்பாக இருக்கும். பூசணம் நூலாக, பஞ்சாகப் படரும், நாற்றமும் வரும். பூசணம் என்றால் கொட்டிவிடுங்கள். மேலே வழித்துவிட்டுக் கீழே இருப்பதைச் சாப்பிடுவது சிக்கனம் இல்லை.

பத்து வருஷத்து நார்த்தங்காய்க்கு மருந்து குணம் அதிகமாமே?

நாளாக ஆகக் கறுத்து, கசப்பு இறங்கி, வாயில் போட்டால் கரையும் பதத்துக்கு வரும். ருசிக்கு அதுதான் ராஜா. கெடாமல் காய்ந்திருந்தால் வருஷக்கணக்கில் வைத்திருக்கலாம், சந்தேகமில்லை. பாட்டி போட்டு வைத்ததைப் பேத்திக்கு வளைகாப்பின்போது எடுத்துக் கொடுக்கும் வீடுகள் உண்டு. ஆனால் பழசானால் வீரியம் கூடும் என்பதற்கு ஆதாரம் எதுவும் நான் கண்டதில்லை. தோல் எண்ணெய் காலப்போக்கில் பறந்துபோகும் பொருள், அதனால் வாசம் குறையத்தான் செய்யும்.

இதில் வைட்டமின் சி நிறைய இருக்குமே?

பச்சைக் காயில் இருக்கும். வாரக்கணக்கில் வெயிலில் காய்ந்து, காற்றுப் பட்டுக் கிடந்த உப்பு நார்த்தங்காயில் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். வைட்டமின் சி வெப்பத்துக்கும் காற்றுக்கும் தாங்காது.

இந்தப் பாடத்தைப் படிக்கக் கப்பற்படைகளுக்கு நூறு வருஷத்துக்கு மேல் ஆனது. அதில் நம் ஊருக்கும் ஒரு பங்கு உண்டு. 1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற ஆங்கிலேயக் கப்பல் மருத்துவர், ஸ்கர்வி கண்ட 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து ஆறு வகை வைத்தியம் பார்த்தார். வைட்டமின் சி கிடைக்காமல் ஈறு வீங்கி, ரத்தம் கசிந்து, பல் ஆடி, பழைய காயமெல்லாம் திறந்துகொள்ளும் நோய் அது. ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவர் சில நாட்களில் தேறினார்கள். ஆனாலும் பிரிட்டிஷ் கடற்படை எல்லாருக்கும் எலுமிச்சைச் சாறு கொடுக்க முடிவெடுத்தது 1795இல்தான். இடையில், 1783 ஜூன் 20 அன்று, கடலூருக்கு எதிரே கடலில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரனும் ஆங்கிலத் தளபதி ஹியூஸும் மோதினார்கள். ஹியூஸின் ஆட்களை ஸ்கர்வி வாட்டி எடுத்திருந்தது, குடிதண்ணீரும் தட்டுப்பாடு. சண்டை முடிந்ததும் அவர் சென்னைக்குத் திரும்பிவிட்டார். தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் நின்று கடலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்: மருந்து கண்டுபிடித்து 36 வருஷம் ஆகியிருந்தது, கரையில் புளிப்புப் பழத்துக்கும் பஞ்சமில்லை.

பின்னாளில் இன்னொரு கூத்தும் நடந்தது. சாற்றைச் செம்புக் குழாய் வழியாக ஓடவிட்டு, நாள்கணக்கில் தேக்கி வைத்துக் கப்பலில் ஏற்றினார்கள். செம்பும் காற்றும் வைட்டமினை அழித்துவிட, ஸ்கர்வி திரும்ப வந்தது. ஆக, வைட்டமினுக்கு வேண்டுமானால் எலுமிச்சையை அப்போதே பிழிந்து குடியுங்கள், இல்லையென்றால் ஒரு நெல்லிக்காயோ கொய்யாவோ தின்னுங்கள். உப்பு நார்த்தங்காய் வேறு வேலைக்கு.

பி.பி. இருக்கிறது. ஒரு துண்டு சாப்பிடக் கூடாதா?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. நேராகவே சொல்கிறேன்: இந்த மருந்தின் பெரிய குறை அதன் உப்பு. ஒரு நாளைக்கு மொத்த உப்பு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது ஒரு தேக்கரண்டிக்குள் அடங்கிவிடும். குழம்பு, ரசம், பொரியல், கருவாடு என்று நம் வீட்டுச் சாப்பாட்டிலேயே அந்த அளவு தாண்டிவிடுகிறது. அதற்கு மேல் தினமும் நார்த்தங்காய் என்றால் அழுத்தம் ஏறத்தான் செய்யும். பி.பி., இதயக் கோளாறு, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தினசரி வழக்கமாக வைத்துக்கொள்ள வேண்டாம். குமட்டலுக்கு என்றால் அலசிப் பிழிந்த ஒரு கீற்று, எப்போதாவது. அல்லது புது எலுமிச்சம்பழத்தை நறுக்கி முகர்ந்து பாருங்கள், அதற்கு உப்பு தேவையில்லை.

அல்சர், நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கும் புளிப்பு ஒத்துக்கொள்ளாது.

மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பம்பளிமாஸ், நார்த்தங்காய் சாப்பிடலாமா?

கிரேப்ஃப்ரூட் என்ற பழம் சில மாத்திரைகளோடு சேரக் கூடாது என்பது உறுதியான விஷயம். குடலில் மருந்தை உடைக்கும் ஒரு நொதியை அது முடக்கிவிடும். அதனால் வழக்கத்தைவிட அதிக மருந்து ரத்தத்தில் ஏறும். கொழுப்புக்குக் கொடுக்கும் சிம்வாஸ்டாட்டின், அட்டோர்வாஸ்டாட்டின், ரத்த அழுத்தத்துக்கான ஃபெலோடிபைன், நிஃபெடிபைன், சிறுநீரக மாற்று செய்துகொண்டவர்கள் சாப்பிடும் சைக்ளோஸ்போரின் எல்லாம் இந்த வரிசையில் வரும். பம்பளிமாஸ் அந்தப் பழத்துக்குத் தாய்வழி, அதே பொருள் அதிலும் உண்டு. கசப்பு ஆரஞ்சிலும் உண்டு. சந்தையில் நார்த்தங்காய் என்று கிடைப்பதில் எந்த ரகம் கலந்திருக்கும் என்று சொல்ல முடியாததால், இந்த மாத்திரைகளைச் சாப்பிடுகிறவர்கள் மருத்துவரிடம் பெயர் சொல்லிக் கேட்டுவிடுங்கள். "பழம் சாப்பிடலாமா டாக்டர்" என்று பொதுவாகக் கேட்டால் "தாராளமா" என்றுதான் பதில் வரும்.

வாந்திபேதிக்கு உப்பு நார்த்தங்காய்த் தண்ணீர் போதுமா?

போதாது. பேதியில் உயிருக்கு ஆபத்து நீரும் உப்பும் வெளியேறுவதால்தான். அதை ஈடுகட்டச் சர்க்கரையும் உப்பும் சரியான அளவில் கலந்த தண்ணீர் வேண்டும். சர்க்கரை இருந்தால்தான் குடல் உப்பையும் நீரையும் இழுத்துக்கொள்ளும். அரசு மருத்துவமனையிலும் அங்கன்வாடியிலும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கிடைக்கும். கைவசம் இல்லையென்றால் காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. ருசிக்கு எலுமிச்சை நாலு சொட்டு விடுங்கள், கூடுதல் உப்பு போடாதீர்கள். கைக்குழந்தை சோர்ந்து, கண் குழிந்து, அழும்போது கண்ணீர் வராமல் இருந்தால் வீட்டு வைத்தியமே வேண்டாம், உடனே கிளம்புங்கள்.

சிறுநீரகக் கல்லுக்கு எலுமிச்சைச் சாறு?

சிட்ரிக் அமிலம் சிறுநீரில் சிட்ரேட்டைக் கூட்டும், சிட்ரேட் கால்சியக் கற்கள் உருவாவதைத் தடுக்க உதவும். இது வராமல் தடுக்கும் பேச்சு. உள்ளே உட்கார்ந்துவிட்ட பெரிய கல்லை அது கரைக்காது. உப்பு நார்த்தங்காய் இதற்கு நேர் எதிர்: உப்பு கூடினால் சிறுநீரில் கால்சியமும் கூடும்.

முகப்பருவுக்கு எலுமிச்சைச் சாறு தடவலாமா?

வேண்டாம், அதிலும் வெயிலில் போகிறவர்கள் வேண்டவே வேண்டாம். மாத்திரையோடு சேரக் கூடாது என்று மேலே சொன்னேனே, ஃபியூரானோகூமரின் என்ற அந்தப் பொருள் வகை எலுமிச்சையிலும் இருக்கிறது. தோலில் சாறு பட்டு, அதன்மேல் வெயில் பட்டால் தீப்பட்டதுபோலச் சிவந்து கொப்புளம் கிளம்பும். ஆறினாலும் கரும்திட்டு மாதக்கணக்கில் நிற்கும். வெயிலில் நின்று ஜூஸ் பிழிகிறவர்கள் கையில் இந்தத் திட்டு வரலாம். நார்த்தங்காயை மாடியிலேயே உட்கார்ந்து வெட்டாமல் வீட்டுக்குள் வெட்டி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு மாடிக்குப் போங்கள்.

நாய்க்கடிக்கு, பாம்புக்கடிக்கு எலுமிச்சை தேய்க்கலாமா?

கூடாது. நாய் கடித்தால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே தடுப்பூசி. பாம்பு கடித்தால் கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் அரசு மருத்துவமனைக்கு. தலையில் எலுமிச்சம்பழம் தேய்த்தால் புத்தி தெளியும் என்பதெல்லாம் கேலி பேச மட்டும்.

நார்த்தை இலையும் மருந்துதானா?

இளம் இலையை நரம்பு நீக்கி, எலுமிச்சை இலையோடு சேர்த்து, ஓமம், காய்ந்த மிளகாய், பெருங்காயம், உப்பு, புளி வைத்து இடித்து உருட்டினால் வேப்பிலைக்கட்டி. அதில் வேப்பிலை ஒரு இணுக்குக்கூடக் கிடையாது. காய்ச்சலுக்குப் பின் மோர்ச் சோற்றுக்கு நார்த்தங்காயைவிட எனக்கு இதுதான் பிடிக்கும், உப்பும் குறைவாகப் போட்டுக்கொள்ளலாம்.

நாட்டு மருந்துக் கடையில் என்ன கேட்டு வாங்குவது?

ஆயுர்வேதத்தில் மாதீபல ரசாயனம் என்று ஒன்று உண்டு. இந்த இனத்துப் பழச்சாறு, சீரகம், சர்க்கரை சேர்ந்த பாகு; குமட்டலுக்கும் ருசியின்மைக்கும் கொடுப்பார்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் அதன் பாகைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். சித்த மருத்துவத்தில் எலுமிச்சைச் சாற்றால் இலிங்கம் முதலிய சரக்குகளைச் சுத்தி செய்யும் முறையும் இருக்கிறது. அது பாதரசம் சேர்ந்த பொருள். படித்த மருத்துவர் கையில் இருக்க வேண்டியது. வீடியோ பார்த்து வீட்டில் முயல வேண்டாம்.

திருவந்திபுரம் மலை நார்த்தங்காய்க்கு விசேஷ சக்தி உண்டாமே?

அந்த மலைக்கு ஔஷதகிரி என்று பெயர். அனுமன் சஞ்சீவி மலையைத் தூக்கிப் போனபோது சிதறிய துண்டு என்பது தலபுராணம். தேவநாதரைச் சேவித்துவிட்டு வரும் வழியில் காய் கிடைத்தால் வாங்குங்கள். உப்பு மட்டும் மேலே சொன்ன அளவுதான்.

வீட்டில் மரம் வைக்கலாமா?

வைக்கலாம். விதை போட்டால் காய்க்க வருஷக்கணக்காகும். பதியம் போட்ட கன்றோ ஒட்டுக்கன்றோ சீக்கிரம் பலன் தரும். முள் இருக்கும், நடைபாதை ஓரம் வேண்டாம். வேரில் தண்ணீர் தேங்கினால் தண்டில் பிசின் வடிந்து பட்டுப்போகும், அதனால் மேடான இடமாகப் பாருங்கள். இலையில் பறவை எச்சம்போல ஒட்டிக்கொண்டிருப்பது பெரும்பாலும் எலுமிச்சைப் பட்டாம்பூச்சியின் புழு. சின்னக் கன்றை ஒரே வாரத்தில் மொட்டையடித்துவிடும், கையாலேயே எடுத்துப் போடலாம். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியபோது பலாவும் முந்திரியும் சாய்ந்த கணக்கை எல்லாரும் பேசினார்கள். கொல்லைப்புற நார்த்தை மரங்களை யாரும் எண்ணவில்லை. இப்போது பல வீடுகளில் கொல்லையே இல்லை. இடமிருந்தால் ஆடியில் ஒரு கன்று வையுங்கள், மழையிலேயே பிடித்துக்கொள்ளும்.